கானாற்று மணலைத் தோண்டிய குதிரை

சர்வேக்காரர்கள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் கூடாரம் போட்ட வாரத்தில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் நின்றது. என் மூத்தாரின், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணனின் கிணறுதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் குடிநீர். காலையில் குடத்தோடு போனேன். ராட்டினம் இருந்தது, கயிறு இல்லை. என் ஓரகத்தி மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றிருந்தாள்.

"கயிறு எங்கக்கா?"

"உன் மூத்தாரு எடுத்து உள்ள வெச்சிட்டாரு," என்றாள். பிறகு தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "கேக்காத, போயிடு. அவரு இன்னிக்கி ஒரு மாதிரியா கீறாரு," என்றாள்.

காலிக் குடத்தோடு திரும்பினேன். எதிரே வந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்க்காத மாதிரி சேலையைச் சரிசெய்துகொண்டு போனார்கள். 

எல்லாம் ஒரு குதிரையால் வந்தது.

எங்கள் ஊர் வரதய்யபாளையத்துக்கு மேற்கே, மலையடியில். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அப்போது சென்னைப் பக்கம். எல்லையைத் தீர்க்கப்போகிறார்கள், சில ஊர்களை அங்கே கொடுத்துச் சில ஊர்களை இங்கே வாங்கப்போகிறார்கள், எங்கள் ஊர் கொடுக்கிற பக்கத்தில் இருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. ஊரில் எல்லாரும் தமிழ்க் குடியானவர்கள். சந்தைக்குப் போனால் தெலுங்கு பேசுவோம், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் பட்டாவும் கோர்ட்டும் தெலுங்கில் என்றால் நிலத்துக்கு என்ன கதி என்று பெரியவர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஊர் கூடிப் பேசினார்கள். சர்வேக்காரனுக்கு வண்டி தரக்கூடாது, மாடு தரக்கூடாது, கூலிக்கு ஆள் போகக்கூடாது. கல் நடாவிட்டால் எல்லை எப்படி வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கட்டுப்பாட்டை முன்னின்று போட்டவர் என் மூத்தார்.

மற்றவர்களின் மாடும் வண்டியும் சர்வேக்காரர்களுக்கு உண்மையில் தேவைப்படவே இல்லை. அவர்கள் மலைச் சரிவில் ஏறி அளக்க வேண்டியிருந்தது. அங்கே வண்டி போகாது, மாடும் ஏறாது. ஏறக்கூடியது ஊரில் ஒன்றே ஒன்று, எங்கள் குதிரை.

என் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர். அவருடைய அதிகாரி ஒருவர் ஓய்வுபெற்றுச் சித்தூருக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வாங்கிக் குடியேறியபோது, பர்மாப் பக்கம் சீனப் பட்டாளத்திடமிருந்து கிடைத்த ஒரு மட்டக் குதிரையைக் கூடவே கொண்டுவந்திருந்தார். மங்கோலியா தேசத்துக் குதிரை என்று அவர் சொல்வாராம். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஊர்க் குதிரை மாதிரி அது இல்லை. பெரிய தலை, குட்டைக் கால், பீப்பாய் மாதிரி வயிறு, தேய்ந்துபோன துடைப்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிடரி. மார்கழியில் அதன் உடம்பில் கம்பளி மாதிரி மயிர் அடர்ந்துவிடும். மாசியில் கொத்துக் கொத்தாக உதிரும். அதிகாரி காலமானதும் அவர் மனைவி, வாங்க ஆளில்லாத அந்தக் குதிரையை, அங்கே அதைப் பராமரித்து வந்த என் வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டார். ஊரில் அதைக் கம்பிளிக் குதிரை என்றார்கள்.

அதற்குக் கொள்ளும் வேண்டாம், லாடமும் வேண்டாம். லாடம் இல்லாத குளம்பு பாறையை இன்னும் நன்றாகப் பிடித்தது. வேலியோரத்துக் காய்ந்த புல்லையும், கீழே விழுந்த கருவேல நெற்றையும், வேறு வழியில்லாவிட்டால் பனஞ்சோகையையும் துன்னும். மழையோ வெயிலோ திறந்த வெளியில்தான் நிற்கும். கொட்டகைக்குள் கட்டினால் கதவை உதைக்கும். இரண்டு வருஷமாக மழை பொய்த்து எங்கள் உழவு மாடுகளை விற்றபிறகு, விறகு சுமப்பதும் சந்தைக்கு மூட்டை கொண்டுபோவதும் அதுதான். எங்கள் அடுப்பு எரிந்தது அதனால்.

சர்வேயர் தெலுங்குக்காரர், சாதுவான மனிதர். முதல்முறை பார்த்தபோது, "இதி குர்ரமா, மேகா?" என்று சிரித்தார். குதிரையா ஆடா என்று கேட்கிறார். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரும்புச் சங்கிலியையும் முக்காலியையும் அளவுக் கற்களையும் அதன் முதுகில் ஏற்றி, மலைச் சரிவில் மேலே வரை கொண்டுபோய்த் திரும்பினார். மறுநாளிலிருந்து வருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். ஊர்க் கட்டுப்பாடு போட்டது அதற்கு அடுத்த நாள்.

"ஏம்மே, குடுத்த வாக்க எப்பிடி மாத்தறது?" என்றார் என்னிடம்.

"ஊரு?"

"ஊரு நமக்கு சோறு போடுதா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அன்று சாயங்காலம் மூத்தார் எங்கள் வாசலுக்கு வந்தார். எங்கள் வழக்கத்தில் மூத்தார் முன்னால் தம்பி மனைவி நிற்கமாட்டாள், நேருக்கு நேர் பேசமாட்டாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வூட்ல ஆம்பள இல்லியா? சரி. வந்ததும் சொல்லட்டும். குதிர நாளைக்கி மலைக்கிப் போச்சின்னா நல்லா இருக்காது. நான் அண்ணனா சொல்ல வரல. ஊரு சொல்லிச்சி, சொல்றேன். மீறிப் போச்சின்னா அதோட கால ஒடிப்பேன்."

கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, "ஒடிக்கட்டும், பாக்கலாம்," என்றார். மறுநாளும் போனார். அதற்குப் பிறகுதான் கிணற்றுக் கயிறு காணாமல் போனது.

ஒரு வாரம் ஓடியது. வண்ணான் எங்கள் துணியை எடுக்கவில்லை. கடைக்காரர் உப்பு தீர்ந்துவிட்டது என்றார். சர்வேக் கூடாரத்திலிருந்து என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவருவார். அதை மூடி வைத்து மூடி வைத்துக் குடிப்போம்.

அப்புறம் ஒரு மத்தியானம். சர்வேயருக்குக் காய்ச்சல், வேலை இல்லை. என் வீட்டுக்காரர் மருந்து வாங்க வரதய்யபாளையம் போயிருந்தார். குதிரை வீட்டுக்குப் பின்னால் வேலமரத்து நிழலில் நின்றது. தகரம் உரசுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஏழெட்டு ஆண்கள். மூத்தார் நடுவில். ஒருவன் குதிரையின் வாலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். கயிற்று முனையில் இரண்டு காலி மண்ணெண்ணெய் டின்.

"வாணாம்! அது இன்னா பண்ணிச்சி உங்கள?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். விழுந்தேன். மூத்தார் கட்டுக் கயிற்றை அறுத்தார். ஒருவன் பின்னால் ஓங்கி அடித்தான். குதிரை பாய்ந்தது. டின்கள் பாறையில் மோதிய சத்தத்தில் அது இன்னும் மிரண்டு, வயலைத் தாண்டி, ஏரியைத் தாண்டி மலையைப் பார்த்து ஓடியது. டடங், டடங் என்று அந்தச் சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கலைந்துபோனார்கள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கூரை எரவாணத்தில் செருகியிருந்த கொடுவாளை உருவிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மூத்தார் கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தார், இவர் வருவார் என்று காத்திருந்த மாதிரி. எழுந்திருக்கவில்லை.

"எங்கடா என் குதிர?"

"அண்ணன 'டா'ன்றியா?"

"அண்ணன் யாரு? எனக்கு அண்ணன் இல்ல."

கொடுவாள் மேலே போனதை நான் பார்த்தேன். என் ஓரகத்தி இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தாள். "என்ன வெட்டு, என்ன வெட்டு தம்பி," என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மூத்தார் அப்போதும் அசையவில்லை. கை தாழ எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்ல முடியாது. கடைசியில் என் வீட்டுக்காரர் கொடுவாளைக் கிணற்றுக்குள் எறிந்தார். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. சேற்றில் விழுந்த சத்தம்தான் வந்தது. கிணறு அவ்வளவு வற்றியிருந்தது. மூத்தார் திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த ஒரு கணம்தான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் குதிரையைத் தினமும் தேடினார். மலையில் சிறுத்தை உண்டு. முதல் சில நாட்கள் காற்று இறங்கும்போது எங்கிருந்தோ டின் சத்தம் கேட்கும். அவர் அந்தத் திசையில் ஓடுவார், சத்தம் வேறு பக்கம் போய்விடும். பிறகு சத்தமே நின்றது. "முடிஞ்சிடுச்சி," என்று வந்து படுத்துக்கொண்டார். சர்வேக்காரர்கள் வேறு ஊரிலிருந்து சுமையாட்களையும் காவலுக்குப் போலீசையும் கூட்டிவந்து வேலையைத் தொடர்ந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று கல் நடுவதைப் பார்த்தார்கள்.

சித்திரை வெயிலில் ஏரி வறண்டு வெடித்தது. மூத்தாரின் கிணறு காய்ந்தது. அதன்பிறகு கயிறு இருந்து யாருக்கு என்ன? மாடுகளை மலைக்குள் ஓட்டிவிட்டார்கள், எங்காவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று. அவை சாகாமல் திரும்பி வருவது எல்லாருக்கும் ஆச்சரியமாக இருந்தது. மேலே கானாற்றில் காட்டுப்பன்றி ஊற்றுப் பறித்து வைத்திருக்கிறது, மாடுகள் அதில் குடிக்கின்றன என்று பேசிக்கொண்டார்கள். பன்றிக்குப் பயந்து யாரும் அங்கே தண்ணீருக்குப் போகவில்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஒரு விடியற்காலை போனேன்.

கானாறு வெறும் மணல். ஒரு வளைவில், பாறை நிழலில், முழங்கால் ஆழக் குழிகள் இருந்தன. ஒன்றில் கலங்கல் தண்ணீர் தேங்கியிருந்தது. குடத்தை இறக்கப்போனேன். பாறைக்குப் பின்னால் சரக், சரக் என்று சத்தம். பன்றிதான் என்று நினைத்தேன். ஓடவும் பயம், நிற்கவும் பயம். மெல்ல எட்டிப் பார்த்தேன்.

எங்கள் குதிரை. முன்னங்காலால் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளும், நிற்கும், மோந்து பார்க்கும், மறுபடி தள்ளும். வாலில் கயிற்றின் மிச்சம் மட்டும். பின்தொடையில் நான்கு கோடுகளாக ஆறிய காயம், சிறுத்தையின் நகம் பட்டது. ஆனால் வயிறு அதே பீப்பாய். ஊரில் மாடெல்லாம் எலும்பாக நிற்கும்போது அது மட்டும் உருண்டையாக நின்றது. அதன் தேசத்தில் பனி மூடிக் கிடக்குமாம், அதைக் காலால் வாரித்தான் புல்லைத் தேடித் துன்னுமாம். அதிகாரி சொன்னதாக என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே பனிக்குப் பழகிய கால் இங்கே மணலில் வேலை செய்துகொண்டிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும் என்று நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் இவர் குதிரையை இழுத்துக்கொண்டு வருவார், நேராக ஊர் நடுவே நடத்திக்கொண்டு வருவார், அண்ணன் பார்க்கட்டும் என்று. இந்தமுறை ஓங்கின கை தாழாது. காலை ஒடிப்பேன் என்று மூத்தார் சொன்னதும் காதில் இருந்தது. அதனால் தினமும் போவேன், குடத்தை நிரப்புவேன், மடியில் கட்டிய நெற்றை அதன் முன் கொட்டுவேன், திரும்புவேன். வீட்டில் இவர் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார், தண்ணீர் ஏது என்றும் கேட்கமாட்டார். "ரேணிகுண்டாவுல ரயில்ல கூலி வேல இருக்குதாம். போயிடலாமா?" என்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் குழிக்குப் பக்கத்தில் சிறுத்தையின் புதுக் காலடி இருந்தது. அன்று முழுவதும் கேழ்வரகு ரொட்டி தட்டவும் கை வரவில்லை.

மறுநாள் காலை குதிரை குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். கற்கள் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினால் மூத்தார். இரண்டு கையிலும் இரண்டு மாட்டின் கயிறு, தோளில் கொடுவாள். அவரிடம் மிச்சமிருந்தவை அந்த இரண்டு மாடுகள்தான். நிற்கவே தள்ளாடின.

என் கை தானாகத் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டது. அவர் என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். குதிரை காதை மடக்கிப் பின்வாங்கியது. அவர் ஓரடி முன்னால் வைத்தார்.

"கிட்ட வராதீங்க!"

அது என் குரல்தான். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவர் நின்றார். நான் விடவில்லை. "மெரண்டு ஓடிச்சின்னா குழி தூந்துடும். அப்பறம் உங்க மாட்டுக்கும் தண்ணி இல்ல. அங்கியே நில்லுங்க. கத்தி எதுக்கு?"

"தழ வெட்ட," என்றார். குரல் கரகரத்தது. கொடுவாளைத் தோளிலிருந்து எடுத்துப் பின்னால் எறிந்தார். மாடுகள் தண்ணீர் வாசனைக்கு இழுத்தன. அவர் மணலில் கால் சறுக்கச் சறுக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிரை வெகுநேரம் அவரையே பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தித் தன் வேலையைத் தொடர்ந்தது. மணல் கறுத்தது, கசிந்தது, தேங்கியது. அது முதலில் குடித்து ஒதுங்கியது. அவர் கயிற்றை விட்டார். மாடுகள் முட்டிபோட்டுக் குடித்தன.

அவர் பாறையில் உட்கார்ந்தார். "பன்னின்னு நெனச்சிக்கினு இருந்தோம்," என்றார்.

நான் மடியிலிருந்த நெற்றைக் குதிரை முன் கொட்டினேன்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வூட்டுக்கு இஸ்துக்கினு வருவாரு. நீங்க கால ஒடிப்பீங்க."

அவர் தோளிலிருந்த துண்டை உருவினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் அதே கேள்வி. இனி என்ன நடக்கும்? ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாரா? அன்று சமைத்ததில் உப்புப் போட்டேனா என்றுகூட ஞாபகமில்லை.

சாயங்காலம் வாசலில் செருமல் கேட்டது. மூத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். 

"உன் குதிர மலையில கீது," என்றார் மூத்தார். "கானாத்து வளைவுல. சாவல. போய்ப் புடிச்சாந்துக்கோ. யாரும் ஒண்ணியும் சொல்லமாட்டாங்க. நான் சொல்லிட்டேன்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டார்.

விடிந்ததும் இருவரும் போனோம். இவர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குதிரை நகரவில்லை. பத்து வருஷம் அவர் கையால் வளர்ந்த குதிரை அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு நேராக என்னிடம் வந்து என் மடியை மோந்தது, நெற்று இருக்கிறதா என்று.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தினி நாளா?"

"சித்திர நடுவுலேர்ந்து."

"எங்கிட்ட கூடவா சொல்லல?"

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் குழியருகே போய்க் குப்புறப் படுத்து, கை வைக்காமல், மாடு குடிக்கிற மாதிரி குடித்தார். எழுந்தபோது மூக்கெல்லாம் மணல். "வா, போலாம்," என்றார்.

ஊருக்குள் நுழைந்தபோது எல்லாரும் வெளியே நின்றார்கள்.  மூத்தார் வழியில் படுத்திருந்த தன் மாட்டை எழுப்பி ஒதுக்கிவிட்டார். மழை வரும்வரை அந்தக் குதிரைதான் கானாற்றிலிருந்து ஊருக்கே தண்ணீர் சுமந்தது. அது காலால் தட்டிக் காட்டிய இடத்தில் ஆட்கள் மண்வெட்டியால் தோண்டினார்கள். தட்டாத இடத்தில் தோண்டியவர்களுக்குக் கல்தான் கிடைத்தது.

ஆடியில் மழை பெய்தது. எல்லைக் கல் நட்டது நட்டதுதான். பிறகு ஒருநாள் தண்டோரா போட்டார்கள், நாங்கள் இனி ஆந்திரா என்று. அன்று சில வீடுகளில் சாவு வீடு மாதிரி இருந்தது. மறுநாள் எல்லாரும் விதைக்கப் போனார்கள். பட்டாக் காகிதங்கள் தெலுங்கில் வந்தபோது மூத்தார் அவற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டார். இருவருக்கும் படிக்கத் தெரியாது. சேர்ந்து சத்தியவேடு தாலுக்கா ஆபீசுக்குப் போய் வந்தார்கள்.

சில வருஷம் கழித்து நாங்கள் திருப்பதிக்கு வந்துவிட்டோம். குதிரையும் வந்தது. ஜட்கா வண்டி இழுக்க அதற்கு வயது கடந்துவிட்டது. தோட்டக்காரர்களுக்குப் புல்கட்டு சுமந்தது. அதற்கு எங்கள்மேல் பாசம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தடவினால் தலையை இழுத்துக்கொள்ளும். கானாற்றில் அது தோண்டியது தன் தாகத்துக்குத்தான். மற்றவர்கள் பிழைத்தது அதற்குத் தெரியாது. ஒரு மார்கழிக் காலையில், மயிரெல்லாம் அடர்ந்து பனித்துளி கோத்திருக்க, நின்ற இடத்திலேயே காலை மடக்கிப் படுத்தது, எழவில்லை. என் வீட்டுக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார். நான் அன்று கூலி வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.